எடுக்கக் கூடாத போன்

ஸேவா அதோம். ஸேவா அதோம்.

கம்பத்து ஒலிபெருக்கியில் பெண் குரல். ஹீப்ருவில் சிவப்பு நிறம் என்று அர்த்தம். பதற்றமே இல்லாத குரல். எர்ணாகுளம் ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிறவளுக்குக்கூட இதைவிட அக்கறை உண்டு. பதினைந்து விநாடி. அதற்குள் ராக்கெட் விழுந்துவிடும்.

தூக்குவதில்லை. தூக்க நேரம் கிடையாது. சிம்ஹா சேச்சியைப் படுக்கை விரிப்போடு கட்டிலிலிருந்து சரித்துத் தரையோடு இழுக்கிறேன். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோன உடம்பு. இடது கையில் செல்போன். மூக்குக் கண்ணாடி விழுகிறது. தலையில் கட்டிய துணி அவிழ்கிறது. போன் மட்டும் விழுவதில்லை.

இரண்டு சுவருக்கு நடுவே ஓர் இடைவழி. வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். கான்கிரீட் அறை கட்டித் தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. சொல்லிக்கொண்டே இருந்தது. சேச்சியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு அவர் மேல் கவிழ்ந்து படுக்கிறேன். வேலை ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அதுதான் வேலை.

முதலில் விசில் மாதிரி. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு நெஞ்சுக்குள் ஓர் அடி. கண்ணாடிகள் கொட்டுகின்றன. தோட்டத்தில் நாய் ஊளையிடுகிறது.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம், காஸாவுக்குள், பதில் போகிறது. அது வேறு சத்தம். தரை முதலில் நடுங்கும். காதுக்குப் பிறகுதான் வந்து சேரும். எங்கள் மேல் விழுந்தது பட்டறையில் செய்த குழாய் ராக்கெட். அவர்கள் மேல் விழுந்தது விமானத்திலிருந்து போடுவது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். குழாயும் ஆளைக் கொல்லும் என்பதை மறைக்கவும் மாட்டேன். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் படுத்திருந்தவள் நான்.

2008 டிசம்பர் கடைசி. போர் தொடங்கிவிட்டது.

"பெல் வந்நோ?" என்று என் மாருக்கு அடியிலிருந்து சேச்சி கேட்கிறார். போன் அவர் கையில்தான் இருக்கிறது. மணி அடித்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆனாலும் என்னிடம்தான் கேட்பார்.

வரவில்லை.

என் பெயர் சரோஜா. மட்டாஞ்சேரிக்காரி. கொச்சி நகரசபைக்குத் தெருக்கூட்ட, அந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆட்களைப் பிடித்து வந்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். அப்பா கூட்டினார். அம்மா கூட்டினாள். நான் கூட்டவில்லை. நர்சிங் உதவியாளர் படிப்புப் படித்து, நோயாளிகளுக்கு மலம் துடைத்தேன். அது பெரிய ஏற்றம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் படித்தது மலையாளம். இதைத் தமிழில் எழுதுகிறேன். பிழை இருக்கும். மலையாளத்தில் எழுதினால் எங்கள் தெருவில் இரண்டு கூட்டம் காத்திருக்கிறது. ஆளுக்கொரு பாதியைக் கிழித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

2003இல் இஸ்ரேலுக்குப் போனேன். வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். மகள் தேவியைத் தங்கச்சி மல்லிகாவிடம் விட்டேன். விமானத்தில் என்னோடு வந்த பெண்கள் எல்லோரும் ஜெருசலேம் பார்க்கலாம் என்று ஜெபமாலை உருட்டினார்கள். எனக்குக் கிடைத்தது தெற்கே, பாலைவனத்து ஓரம், தக்காளிக் கூடாரங்கள் நிறைந்த ஒரு விவசாயக் கிராமம். கொச்சியிலிருந்து போன யூதர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள்.

சிம்ஹா சேச்சி பிறந்தது மட்டாஞ்சேரி யூதத்தெருவில். ஐம்பதுகளில், சிறு பெண்ணாக, குடும்பத்தோடு கப்பலேறியவர். புருஷன் இல்லை. ஏலி என்று ஒரே மகன். பக்கவாதம் வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. அத்தனை வருஷம் பேசிய ஹீப்ரு துடைத்துக்கொண்டு போய்விட்டது. சின்ன வயசு மலையாளம் மட்டும் நாக்கில் தங்கியது. மகனுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால்தான் மட்டாஞ்சேரி ஆளாகவே வேண்டும் என்று ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறார்கள். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்தேன். ஹீப்ருவை ஏலியிடமே கற்றுக்கொண்டேன்.

முதல் வாரம் சேச்சி என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நிங்ஙளுடெ ஆளுகளாணு ஞங்ஙளுடெ தெரு அடிச்சிருந்நது." உங்கள் ஆட்கள்தான் எங்கள் தெருவைக் கூட்டினார்கள் என்று. கூச்சமே இல்லாமல்.

"ஆமா சேச்சி. உங்க வாசல் குப்பை எங்கப்பா கையாலதான் போச்சு. நீங்க போன அன்னைக்கும் அவருதான் கூட்டிருப்பாரு."

பாதி முகத்தால் சிரித்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வந்ததே தவிர ஒளிவுமறைவு வந்ததில்லை.

மஹ்மூத் காஸாக்காரன். நான் அவனைப் பார்த்ததே இல்லை. தொண்ணூறுகள் முழுக்க ஏலியின் தக்காளிக் கூடாரத்தில் வேலை பார்த்தவன். விடியுமுன் வேலியைக் கடந்து வருவான். பொழுது சாய்ந்ததும் போவான். சேச்சி சமைத்த மீன் கறியைக் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிடுவானாம். சேச்சியை ஏலியின் அம்மா என்று அரபியில் கூப்பிடுவானாம். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் தலைவர்கள் கைகொடுத்துக்கொண்ட வருஷம், ஏலியும் அவனும் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். அவனுக்கு நாடு வந்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கிங் ஷெட். இந்தப் பக்கம் ஒன்று. இரண்டு பேரும் கூட்டாளிகள். பெட்டிக்கு என்ன நிறம் என்பது வரை பேசிவைத்திருந்தார்கள்.

2000இல் கலவரம் வெடித்தது. எல்லை வேலியின் கேட் மூடியது. மஹ்மூதின் அனுமதி அட்டை செல்லாக் காசானது. அதற்குப் பிறகு அவன் குரல்தான். பெருநாளுக்கு ஒரு போன். யூதர்களின் பெஸஹா பண்டிகைக்கு ஒரு போன். ஒரு தடவை அவன் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி, ஏலி கேட்டில் தெரிந்த அதிகாரியைக் கெஞ்சி இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். பெண் குழந்தை பிறந்தது. ஹனீன் என்று பெயர் வைத்தார்கள். கேட் எப்போதும் திறக்கும் என்பதில்லை. அந்த ஒரு தடவை திறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்டு கால் பழக்கம் நான் கொண்டுபோனது. நம் ஊரில் யாருக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தாச்சு என்றால் ஒரு பெல் அடித்துக் கட் பண்ணுவோம். எடுக்கக் கூடாது. எடுத்தால் அடித்தவனுக்குக் கோபம் வரும். மல்லிகா தினமும் எனக்கு ஒரு பெல் அடிப்பாள். தேவி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம். சேச்சி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் குண்டு போட்ட ஒரு நாள், தனக்கும் அப்படி ஒரு பெல் வேண்டும் என்றார். மஹ்மூதிடமிருந்து. ஏலி போனில் அவனுக்கு விளக்கினார். அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். இந்தியர்கள் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றானாம். மறுநாள் பெல் வந்தது.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் இடி விழுந்தால் சேச்சி போனைக் கையில் பிடித்துக்கொள்வார். ஒரு பெல் வரும். உயிரோடு இருக்கிறான். உடனே நான் இங்கிருந்து ஒரு பெல் அடிப்பேன். நாங்களும் இருக்கிறோம். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

2005. இஸ்ரேல் காஸாவைவிட்டு வெளியேறியது. அங்கே குடியேறியிருந்த யூதர்களை இஸ்ரேல் பட்டாளமே வந்து இழுத்துக்கொண்டு போனது. எங்கள் சமையலறையில் தினமும் வாக்குவாதம். பக்கத்து வீட்டு டோரித் அம்மாள் சூப்புப் பாத்திரத்தோடு வருவாள். கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். பாலஸ்தீனர்களுக்குச் சொந்தமாக ஒரு வாசல் கொடு, அப்புறம் ஏன் நம் சுவரைத் தோண்டப்போகிறார்கள் என்பாள். ஏலி பாதி ஒத்துக்கொள்வார். மீதிப் பாதிக்கு ஒரே கேள்வி வைத்திருப்பார். அந்த வாசலில் நாளைக்கு எவன் துப்பாக்கியோடு நிற்பான், எனக்கு யார் ஜாமீன்?

நான் சேச்சிக்கு மலையாளத்தில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "மஹ்மூத் நிந்நால் மதி." மஹ்மூத் நின்றால் போதும். அதை ஹீப்ருவில் சொன்னபோது ஏலி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். டோரித் மேஜையைத் தட்டினாள். அந்தச் சாயங்காலம் நாடு வந்துவிட்டது மாதிரியே இருந்தது.

வரவில்லை. வெளியேறியவர்கள் விட்டுப்போன கூடாரம் ஒன்றில் மஹ்மூதுக்கு வேலை கிடைத்தது. நல்ல விளைச்சல். லாரியில் ஏற்றிக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கேட் மூடியிருந்தது. பாதுகாப்புக் காரணம். மறுநாளும் மூடியிருந்தது. தக்காளி லாரியிலேயே அழுகி, சாறு ரோட்டில் ஓடியது என்று அவன் போனில் சொன்னான். குரலில் கிண்டல் இருந்தது. நாடு கேட்டேன், சட்னி கொடுத்தார்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னான்.

இந்தப் பக்கம் ராக்கெட் கூடியது. முன்பு மாதத்துக்கு ஒன்றிரண்டு. இப்போது குளித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்பில் பால் பொங்கும்போது, எப்போது வேண்டுமானாலும். வெளியேறினால் நிம்மதி என்று சொன்னவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காஸாவில் ஒரு கூட்டம் தேர்தலில் ஜெயித்தது. பிறகு எதிர்க்கூட்டத்தைச் சுட்டு விரட்டி ஆட்சியைப் பிடித்தது. கேட் நிரந்தரமாக மூடியது போலாகிவிட்டது.

டோரித் செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கிய பையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மந்தம். ஒலிபெருக்கி கேட்கவில்லை. "டோரித்! உள்ளே! உள்ளே!" என்று ஏலி கத்தினார். நானும் கத்தினேன், பதற்றத்தில் தமிழில். "ஓடு! ஓடிரு!" அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அப்புறம் புழுதி. சமாதானத்துக்காக எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவளைத்தான் அந்தக் குழாய் தேர்ந்தெடுத்தது. எனக்கு அந்தக் குழாய் மேலும், அதைப் பொருத்தியவன் மேலும் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. யார் என்ன காரணம் சொன்னாலும் தீராது.

ஏலி மாறிப்போனார். மஹ்மூதோடு பேசுவதை நிறுத்தினார். கோபம் அவன் மேல் இல்லை என்று அவரே சொன்னார். பேசினால் டோரித் ஞாபகம் வருகிறது என்றார். மஹ்மூதுக்கும் பேச முடியாத நிலை வந்தது. இஸ்ரேல் எண்ணோடு, அதுவும் ஹீப்ருவில் பேசுகிறவன் என்றால் அங்கே உளவாளி. சந்தேகத்திலேயே ஆட்களைச் சுட்டார்கள். அவன் கடைசியாகப் பேசியபோது சொன்னான். பெல் அடிப்பேன். எடுக்காதீர்கள். எடுத்துப் பேசியதாகப் பதிவாகிவிட்டால் என் கதை முடிந்தது.

மிஸ்டு கால் சட்டமாகிவிட்டது. எடுக்கக் கூடாது. சேச்சி அதைச் சுப்ரபாதம் மாதிரி தினமும் எனக்குச் சொல்வார். எடுக்கண்டா. எடுக்கண்டா.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஒரு பெல்லோடு நிற்காமல் மணி நீளமாக அடித்தது. கடைசிவரை அடித்து, தானாகவே நின்றது. நாங்கள் பயந்துபோனோம். உடனே ஒற்றை பெல் ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொரு எண்ணிலிருந்து ஏலிக்கு மஹ்மூதின் குறுஞ்செய்தி. மன்னிக்கவும், ஹனீன் விளையாடுகிறாள். மணிச் சத்தம் அவளுக்குப் பிடிக்கிறது.

சேச்சிக்கு அதற்கப்புறம் நீண்ட மணி என்றால் குழந்தை. மணி அடிக்க அடிக்க, போனைக் காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "கொச்சாணு" என்பார். குழந்தைதான். அவர் பார்க்காத குழந்தை. அந்த மணிச் சத்தத்தைத் தவிர அவளைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் தேவியை நினைத்துக்கொள்வேன். மல்லிகா போனில் அவளும் இப்படித்தான் விரலை எடுக்காமல் விளையாடுவாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஜனவரி. தரைப்படை உள்ளே போய்விட்டது. ஏலியை ரிசர்வ் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் லாரி ஓட்டுகிறார். அவர் போன் அணைந்திருக்கிறது. வீட்டில் நானும் சேச்சியும். மத்தியானம். இடைவழியிலேயே படுக்கை போட்டுவிட்டேன். கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்குப் பதிலாக அட்டை. அந்தப் பக்கம் பீரங்கி இடைவிடாமல் அடிக்கிறது. டும். டும். நடுவில் இடைவெளியே இல்லை. மூன்று நாளாகப் பெல் வரவில்லை.

மணி அடிக்கிறது.

சேச்சியின் முகம் மலர்கிறது. பாதி முகம்தான். ஆனால் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மணி நிற்கவில்லை. நீளமாக அடிக்கிறது. கடைசிவரை.

"கொச்சாணு! ஸரோஜே, கொச்சு களிக்கயாணு!"

குழந்தை விளையாடுகிறாள். உயிரோடு இருக்கிறாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மணி நின்றது. ஒற்றை பெல்லுக்காகக் காத்திருந்தோம். மறுபடியும் நீண்ட மணி. சேச்சி சிரிக்கிறார். கஞ்சி மோவாயில் வழிகிறது. எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. இந்த நேரத்திலா ஒரு குழந்தை விளையாடும்? கையை நீட்டினேன்.

"எடுக்கண்டா!" என்று அலறினார். "எடுத்தால் அவனெ கொல்லும்!"

போனை மாரோடு அமுக்கிக்கொண்டார். பிடுங்கியிருக்கலாம். ஒற்றைக் கைக்காரி. பிடுங்கத் தோன்றவில்லை. அவர் சொன்னது சரி என்றே நானும் நினைத்தேன். மூன்றாவது முறை மணி அடித்தது. கொஞ்சம்தான். பாதியில் நின்றது.

"ஸேவா அதோம்."

விரிப்பை இழுக்க வேண்டியதில்லை. இடைவழியில்தான் இருக்கிறோம். கவிழ்ந்து படுத்தேன். கூடாரத்தின் மேல் விழுந்தது. இடது காதுக்குள் ஒரு ரீங்காரம் புகுந்தது. இன்னும் வெளியே வரவில்லை. அந்தக் காது அன்றோடு சரி.

சண்டை நின்றபின் ஏலி வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் தூங்கினார். மூன்றாவது நாள் அவர் போனுக்கு ஓர் அழைப்பு. மஹ்மூதின் அண்ணன். அவரும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கொத்தனார் வேலை பார்த்தவர். ஹீப்ரு தெரியும். ஏலி தோட்டத்துக்குப் போய்ப் பேசினார். அவர் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்காருவதைச் சமையலறையிலிருந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். மஹ்மூதின் எலுமிச்சைத் தோப்பில் குழாய் பொருத்த ஆட்கள் வந்தார்கள். இங்கே குழந்தைகள் இருக்கிறார்கள், வேறெங்காவது போங்கள் என்றான். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். குழாயை ஏவிவிட்டுப் போனார்கள். பதிலுக்குப் பீரங்கிக் குண்டு வந்தது. ஏவியவர்கள் அதற்குள் ஓடிவிட்டார்கள். குண்டு வீட்டின் மேல் விழுந்தது. ஹனீனுக்கு வயிற்றில் காயம். ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. ராணுவம் நின்ற திசையில்தான் ரோடு. இஸ்ரேல் பக்கம் யாராவது சொன்னால்தான் வண்டியை விடுவார்கள். மஹ்மூத் ஏலிக்கு அடித்தான். போன் அணைந்திருந்தது. ஏலியின் அம்மா எண்ணுக்கு அடித்தான். உளவாளி என்று சுட்டாலும் சுடட்டும் என்று அடித்தான்.

மூன்று முறை.

மாலைவரை அவள் உயிர் இருந்ததாம்.

அண்ணன் கடைசியாகச் சொன்னதை ஏலி எனக்கு வரிக்கு வரி சொன்னார். உங்கள் வீட்டில் மணி கேட்டது. எங்களுக்குத் தெரியும், மணி போனது. நீங்கள் எடுக்கவில்லை. உங்களோடு ஒரு எல்லையைப் பங்கு போடலாம் என்று என் தம்பி பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். இனி சொல்ல மாட்டான். இந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் அவனையும் கொன்றுவிடுவார்கள்.

குழந்தை விளையாடுகிறாள் என்று நினைத்தோம் என்று எப்படிச் சொல்வது? மறுமுனையில் கட் ஆகிவிட்டது. போனை எடுத்திருந்தால் வண்டியை விட்டிருப்பார்களா என்று ஏலியிடம் கேட்டேன். தெரியாது என்றார். பிறகு, விட்டிருக்க மாட்டார்கள் என்றார். பிறகு, எனக்குத் தெரிந்திருந்தால் நான் போய் ரோட்டில் படுத்திருப்பேன் என்றார். எது உண்மையோ.

அம்மாவிடம் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. சேச்சி ஏலியின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"கொச்சு?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இடது கையைத் திறந்தார். போன் தரையில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை எதையும் பிடிக்கவில்லை. கரண்டியைப் பிடிக்கவில்லை. என் விரலையும் பிடிக்கவில்லை. பெஸஹாவுக்கு முன் போய்விட்டார். டோரித்துக்குப் பக்கத்து வரிசையில் புதைத்தார்கள். மலையாளத்தில் இரண்டு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. நான் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பினேன். வந்த புதிதில், கோயில் உற்சவத்துக்குக் கதினா வெடித்தார்கள். பஜார் ரோட்டில், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் குப்புற விழுந்து கிடந்தேன். சுமட்டுத் தொழிலாளிகள் சிரித்தார்கள். மல்லிகா என்னை அள்ளி எழுப்பினாள். "அக்கா, இது உற்சவம்க்கா. ஒண்ணுமில்லே. நம்ம ஊருக்கா." தேவி வளர்ந்திருந்தாள். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

அந்தப் போருக்குக் கண்டனக் கூட்டம் கொச்சங்காடியில் போட்டார்கள். மல்லிகாவின் புருஷன் அங்கே கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். அவன் மூலமாக ஒரு பிரமுகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். சாயா குடித்தார். கண் கலங்கினார்.

"சேச்சி மேடையில ஆ குட்டியோட காரியம் பறஞ்சா மதி. ராக்கெட் காரியம் வேண்டா. ஆளுங்க குழம்பிப் போவும்."

"ராக்கெட்ல செத்தவ கையால சூப்பு குடிச்சவ நான், சேட்டா. அவளை எங்கே கொண்டு வைக்க?"

"அது வேற காரியமல்லே?"

"எனக்கு வேறயா நடக்கல."

அவர் எழுந்து போனார். கூட்டத்தில் யாரோ ஒருத்தர் பேசினார். காஸாவைப் படத்தில்கூடப் பார்க்காதவர் போலத்தான் இருந்தது பேச்சு. கைதட்டல் எங்கள் காலனிவரை கேட்டது.

அடுத்த மாசம் காக்கநாட்டிலிருந்து அழைப்பு. பெண்களை இஸ்ரேலுக்கு அனுப்புகிற ஒரு ஆபீஸ். போகப்போகிறவர்களுக்கு ஒரு வகுப்பு. அனுபவம் சொல்ல வேண்டும். ராக்கெட்டைச் சொல்லலாமாம், அங்குள்ளவர்கள் எப்படித் துன்பப்படுகிறார்கள் என்று. கூடவே, இப்போது கான்கிரீட் அறைகள் வந்துவிட்டன, பயமில்லை என்று முடிக்க வேண்டுமாம். குட்டி விஷயம் வேண்டாமாம். பெண்கள் அழுவார்களாம். வந்த வழியே திரும்பி பஸ் ஏறினேன்.

ஏலி அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பேசினார். வேலியை உயர்த்துகிறார்கள் என்றார். நல்லதுதான் என்றார். அவர்களுக்கு நாடு என்ற பேச்சை எடுக்கிறவனோடு இப்போது அவர் உட்கார்ந்து காப்பி குடிப்பதில்லையாம். குரலில் தூக்கமில்லாத களைப்பு. வேலி உயர்ந்தால் தூங்கிவிடலாம் என்று நம்புகிறார் பாவம்.

பாலஸ்தீனத்துக்கு நாடு வந்தால் இஸ்ரேலுக்குப் பாதுகாப்பா ஆபத்தா என்று டிவியில் கோட் போட்டவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அரசியல் படிப்பு இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வேலி, இரண்டு வீடு. அந்த இரண்டு வீட்டிலும் கேட்டின் இரு பக்கமும் நிற்கத் தயாராக இரண்டு ஆண்கள் இருந்தார்கள். பெயர் தெரியும். சாப்பிடுகிற கறி தெரியும். அவர்களை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்யவில்லை. கேட்டை மூடினார்கள். குழாயைப் பொருத்தினார்கள். இப்போது அந்த இரண்டு பேரும் இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மனுஷர்கள் இல்லை.

இனி கணக்கு. முழுக் கணக்கு. இரண்டு கூட்டத்துக்கும் வேண்டாத கணக்கு.

டோரித். கையில் ரொட்டிப் பை. கொன்றது காஸாவிலிருந்து வந்த ராக்கெட்.

ஹனீன். ஆறு வயசு. வயிற்றில் காயம். கொன்றது இஸ்ரேலின் பீரங்கி. ரோட்டைத் திறக்காதவர்களும்.

சிம்ஹா. மட்டாஞ்சேரியில் பிறந்தவர். எந்தக் குண்டும் அவர் மேல் விழவில்லை.

ஒரு லாரித் தக்காளி. ஒரு எலுமிச்சைத் தோப்பு. ஏலியின் கூடாரங்கள். இரண்டு பேக்கிங் ஷெட், கட்டாமலேயே.

என் இடது காது.

மஹ்மூத் உயிரோடு இருக்கிறான். மணி கேட்டும் எடுக்காத வீடு எங்களுடையது என்று அவன் நம்புகிறான். அது அப்படியில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. கூப்பிட்டால் அவனைக் கொல்வார்கள். அவனையும் இழப்பில்தான் எழுதுகிறேன்.